பூவண்டிக்குக் கட்டின தூக்குவாளி

எங்க வீட்டுல ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்துச்சு. எங்கம்மா சீராக் குடுத்தது. மூடியப் போட்டுக் கவுத்தாலும் சொட்டுத் தண்ணி வெளிய வராது. அத வண்டி இஞ்சினுக்கு எண்ணெ ஏந்தக் கட்டணும்னு எங்க வீட்டுக்காரரு ஒருநா கேட்டாரு. கேட்டாருன்னா, எடுத்துக் கையில வச்சுக்கிட்டுத்தேன் கேட்டாரு. "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? குழம்பு ஊத்துற ஏனத்துல இஞ்சின் எண்ணெயா?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினேன். அவரு கத்தல. "இது இல்லேன்னா நாளையிலருந்து யாரும் பூ குடுக்க மாட்டாக புள்ள"ன்னாரு. தூக்க வாங்கிக் கழுவித் தொடச்சுக் குடுத்தேன்.

திண்டுக்கல்லுக்கு வடக்க, அகரம் தாண்டி உள்ள போனா எங்க ஊரு. தொண்ணூறுகள்ல ஊருல பாதிப் பேரு பூ போட்டிருந்தாக. மல்லி, சம்பங்கி, கனகாம்பரம். எங்களுக்கும் ஒரு துண்டு காடு இருந்துச்சு. கெணறு வத்திப் போச்சு. ஆழப்படுத்திப் பாத்தோம், ஈரமண்ணு வந்துச்சே தவிர தண்ணி வரல. அதுக்கப்புறம் அவரு அடுத்தவுக பூவச் சொமக்க ஆரம்பிச்சாரு. விடியக்காலைல மொட்டுப் பறிச்சு, நனைச்ச வேட்டித் துணில வீட்டுக்கு ஒரு மூட்டையாக் கட்டி, பால் சொசைட்டி வாசலுக்குக் கொண்டாந்துருவாக. அம்புட்டையும் வண்டிக் கேரியர்ல அடுக்கிக் கட்டி, டவுன் பூ மார்க்கெட்டுல அவுகவுக சொன்ன கடையில எறக்கிட்டு வருவாரு. வெயில் ஏறுனா வெலை சரிஞ்சிரும், அதனால மழையோ பனியோ வண்டி நிக்கக்கூடாது. எங்களுக்கு வேற பொழப்புன்னு ஒண்ணு கெடையாது.

அவர நம்பித்தேன் ஊரு பூவக் குடுத்துச்சு. மூட்டைய நடுவுல அவுக்க மாட்டாரு, ஒரு மொட்டு கீழ விழுந்தாலும் எடுத்து உள்ள சொருகிருவாரு. பூவ மூக்குப் பக்கம் கொண்டு போகவே மாட்டாரு. எங்க பக்கம் அது அப்பிடித்தேன், மோந்த பூ சாமிக்கு ஆகாது. எந்த மூட்டை எந்தக் கோயிலுக்குப் போகுதுன்னு யாரு கண்டா? அதனால பறிக்கிறவுக மோக்க மாட்டாக, கட்டுறவுக மோக்க மாட்டாக, சொமக்கிறவரும் மோக்க மாட்டாரு. காத்துல தானா வர்ற வாசம் வந்துட்டுப் போகட்டும், அது குத்தமில்ல. நாமளா மூக்கக் கொண்டு போய் வச்சாத்தேன் குத்தம்.

வண்டின்னா டீசல்ல ஓடுற மோட்டார் சைக்கிள். மூணு கை மாறி எங்ககிட்ட வந்துச்சு. மெல்லத்தேன் போகும், ஆனா எம்புட்டு ஏத்துனாலும் முனகாமச் சொமக்கும். அது பக்கத்துத் தெருவுல வர்றப்பவே எனக்குத் தெரிஞ்சிரும், அம்புட்டுச் சத்தம். அதுக்கு வயசாச்சு. இஞ்சினுக்கு அடில வயிறு மாதிரி ஒரு எடம் இருக்காம், எண்ணெ அதுலதேன் கெடக்குமாம். பிஸ்டன் எறங்குறப்ப அங்க இருக்கிற காத்து வெளிய போறதுக்கு ஒரு சின்னக் குழா. நல்ல வண்டின்னா அதுல வெறுங்காத்துதேன் வரும். எங்க வண்டிக்கு உள்ள ரிங்கு தேஞ்சு போயி, மேல வெடிக்கிற புகையெல்லாம் கீழ எறங்கி, எண்ணெயையும் சேத்துத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. அந்தக் குழா பின்சக்கரத்துகிட்ட முடியும். தெளிக்கிற எண்ணெயக் காத்து தூக்கிக் கொண்டுபோயி மூட்டையில அப்பிரும்.

சாயங்காலம் வெறுந்துணிய அவுகவுக வீட்டுல திருப்பிக் குடுக்கணும். மொதல்ல சின்னப் பொட்டா இருந்த கறை, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு வந்துருச்சு. குடுக்குறதுக்கு முந்தி நான் சோடா மாவு போட்டு அடிச்சுத் தொவச்சேன். போகுமா அது? பொம்பளைக ஒருத்தி மாத்தி ஒருத்தி கேக்க ஆரம்பிச்சாக. "ஏத்தா, துணியே இப்பிடின்னா உள்ள இருக்கிற பூவு?" நான் என்னத்தச் சொல்லுவேன், பூவுக்கு ஒண்ணும் ஆகலன்னு சாதிச்சேன். அந்த நேரம் பாத்துப் பக்கத்தூருக்காரன் ஒருத்தன் மினிவேன் எறக்கினான். தெனமும் சொசைட்டி வாசல்ல செத்த நேரம் நிறுத்தி, டீ குடிக்கிற மாதிரி நோட்டம் பாத்துட்டுப் போவான். அவன் ஆரன் சத்தங் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடி வந்து எட்டிப் பாப்பேன்.

அதுக்குத்தேன் அவரு மெக்கானிக்கிட்டப் போனாரு. என் தூக்கு போற எடத்துக்கு நானும் வாரேன்னு கேரியர்ல ஏறி உக்காந்துட்டேன். மெக்கானிக் பட்டறை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. மெக்கானிக் இஞ்சின் சத்தத்த ஒரு நிமிசங்கூட முழுசாக் கேக்கல. "அண்ணே, பிஸ்டன் ஓடுற போரு முட்டை வடிவத்துக்குத் தேஞ்சு கெடக்கு. பிரிச்சு மொத்தமாச் செய்யணும். அதுக்குக் கையில காசு இருக்கா?"ன்னாரு. இவரு தலையச் சொறிஞ்சாரு. "அப்ப ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வண்டி வாந்தி எடுக்குது. வாந்திய நிறுத்த முடியாது. ஏந்துறதுக்குச் சட்டி வைக்கலாம்." இதச் சொல்லிட்டு என் தூக்க வாங்கித் தட்டிப் பாத்தாரு. நல்ல கனம்னு பாராட்டு வேற. எனக்கு எரிஞ்சுச்சு.

லேத்துல குடுத்து மூடியில ரெண்டு ஓட்டை போட்டாக. ஒண்ணு உள்ள வர்றதுக்கு, ஒண்ணு வெளிய போறதுக்கு. ரெண்டுலயும் பித்தளை நிப்பிள் வச்சு நட்டு முறுக்கினாக. இஞ்சின் வயித்துல இருந்த ஒல்லிக் குழாயக் கழட்டிட்டு, அந்த எடத்துல மருந்தடிக்கிற ஓஸ் பைப்ப மாட்டி, மேல சீட்டுக்குப் பக்கவாட்டுல கொண்டு போனாக. பைப்பு பெருசா இருந்தா உள்ள காத்து அடைச்சு முக்காதாம், ஒசரமாப் போனா பாதி எண்ணெ வழியிலயே திரும்பி எறங்கிருமாம். தூக்குக்குள்ள பாத்திரம் தேய்க்கிற கம்பி நார அடைச்சாக. காத்து அதுல பூந்து போறப்ப எண்ணெ நாருல ஒட்டிக்கிட்டு அடில வடியும். மூடிக்கு அடில சைக்கிள் டியூப்ப வட்டமா வெட்டி வச்சாக. எண்ணெய வடிக்க அடில ஒரு திருகு. அப்புறம் ரெண்டு இரும்புப் பட்டைய வளைச்சு, தூக்க வண்டிச் சட்டத்தோட சேத்து இறுக்கிட்டாக. எங்கம்மா பாத்திருந்தா அங்கனயே தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அது வேலை செஞ்சுச்சு. அன்னைக்கு வீடு வந்து சேந்ததும் அவரு கேரியருக்கு அடில விரல விட்டுத் தடவி எங்கிட்டக் காட்டினாரு. புழுதிதேன் இருந்துச்சு. மறுநாத் துணி வெள்ளையாத் திரும்பி வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வெள்ளை. நானே ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் துணிய உதறி விரிச்சுக் காட்டிக் குடுத்தேன், "பாத்துக்கங்க, ஒரு பொட்டு இருக்கா?"ன்னு. அந்தக் கொஞ்ச நாளு நான் தெருவுல நெஞ்ச நிமித்தி நடந்தேன். மினிவேன்காரன் டீ குடிக்க வர்றதும் கொறஞ்சு போச்சு.

சாயங்காலம் அவரு திருகத் தெறந்து தூக்க வடிப்பாரு. கருப்பு எண்ணெயும் மேல மோரு மாதிரி ஒரு நொரையும் வரும். மொதல்ல அடில ஒட்டுற அளவு. போகப் போகக் கால்வாசி, அரைவாசி. வண்டி சாகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அவருக்கும் தெரியும்.

ஒருநா மார்க்கெட்டுல பூ குமிஞ்சு போச்சு, வாங்க ஆளில்ல. ஒரு மூட்டைய அப்பிடியே திருப்பிக் கொண்டாந்துட்டாரு. பூவுக்குச் சொந்தக்காரவுக, "எல்லாருக்கும் குடுத்துருங்க, வாடிப் போகப் போகுது"ன்னுட்டாக. நான் தெருவுல வீடு வீடாக் கை நெறையக் குடுத்துக்கிட்டே போனேன். எதுத்த வீட்டு மதினி வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. பூவ மோந்து பாக்குறதுல அவுகளுக்கு ஒரு தடையும் கெடையாது. கையில வாங்கினதும் மூக்குல வச்சாக. மொகம் மாறிப் போச்சு. "ஏன் மதினி, என்ன இது, மல்லிப்பூ டீசல் வாடை அடிக்குது?"

"போங்க மதினி, உங்க கை வாடையா இருக்கும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா வீட்டுக்கு வந்ததும் மூட்டைத் துணிய விரிச்சுப் பாத்தேன். துணியில கறை இல்ல, கண்ணால பாத்தா ஒண்ணுமே இல்ல. அப்பத்தேன் யோசிச்சேன். எண்ணெ தூக்குக்குள்ள தங்கிருது, சரி. அந்தப் புகை எங்க போகும்? வெளிய போறதுக்கு வச்ச ரெண்டாவது நிப்பிள்ள பைப்பே மாட்டல, சும்மா தெறந்து கெடக்கு. அதுக்கு ஒரு சாண் தள்ளி மூட்டை. நனைஞ்ச துணி, உள்ள மொட்டு. வழி பூரா அந்த ஆவியக் குடிச்சுக்கிட்டே போயிருக்கு. நாங்க இம்புட்டு நாளும் கண்ணத்தேன் நம்பினோம். மூக்க வச்சுப் பாக்க எங்களுக்குத்தேன் வழக்கமில்லையே! எங்க வீடு பூராவும் டீசல் வாடைதேன், அதனால எனக்கும் அது வித்தியாசமாத் தெரியல.

அவருகிட்டச் சொன்னேன். நம்ப மாட்டேன்னாரு. "சாமிக்குப் போற பூ இல்லையே இது, வாடப் போறதுதான. மோந்து பாருங்க"ன்னு ஒரு கை பூவ நீட்டினேன். தயங்கித் தயங்கி வாங்கி மூக்குகிட்ட வச்சாரு. அவரு பூவ மோந்து பாத்தத நான் அன்னைக்குத்தேன் மொத மொதப் பாத்தேன். இழுத்தாரு. திரும்பியும் இழுத்தாரு. "டீசல் வாடை ஒண்ணும் இல்லையே"ன்னாரு. "சரி, மல்லி வாசம் வருதா?"ன்னேன். பூவ உள்ளங்கையில கசக்கி மோந்துட்டு, "அதுவும் வரல"ன்னாரு.

வெளையாடுறாருன்னு நெனச்சேன். சூடத்தக் கொண்டாந்து காட்டினேன். மண்ணெண்ணெப் பாட்டிலத் தெறந்து மூக்குக்கு நேரா நீட்டினேன். கண்ணுல தண்ணி வருது, வாடை மட்டும் தெரியல. எத்தன வருசமோ அந்தப் புகைய மூஞ்சில வாங்கி வாங்கி மூக்கு செத்துப் போச்சு. எப்பருந்து இப்பிடின்னு கேட்டேன். "தெரியல. ரெம்ப நாளா குழம்பு வெஞ்சனத்துல உப்பும் ஒரைப்பும்தேன் தெரியுது. ஒனக்குத்தேன் கைப்பக்குவம் போயிருச்சுன்னு நெனச்சேன். சொன்னாச் சண்டைக்கு வருவன்னு விட்டுட்டேன்"னாரு. எனக்குச் சிரிக்கவா அழுகவான்னு தெரியல. அடுப்படிக்குள்ள போயி அழுதேன்.

மறுநா அவரு அதிகமா மூட்டை எறக்குற பூக்கடைக்காரருகிட்ட, மூட்டையில எதுவும் வாடை வருதான்னு நேராவே கேட்டுட்டாரு. "நானே சொல்லணும்னு இருந்தேன்ணே. பூக்கட்டுற பொம்பளைக சொல்லிக்கிட்டுத்தேன் இருக்காக. பொண்ணு மாப்பிள்ளை மாலையே நாறுச்சுன்னு ஒரு கல்யாண வீட்டுக்காரன் வந்து குதிச்சுட்டான். இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா உங்க ஊரு மூட்டைய எறக்க விட மாட்டேன்"னு சொல்லிட்டாரு. சேதி ஊருக்குப் போறதுக்குள்ள சரி பண்ணியாகணும். மெக்கானிக் அந்த ரெண்டாவது நிப்பிளுக்கும் ஒரு ஓஸ் மாட்டி, கேரியருக்கு அடிலயே கொண்டு போயி நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி விட்டாரு. "இனி வாடை வராது"ன்னாரு. வருதா வரலையான்னு யாரு சொல்றது? எங்க வீட்டுக்காரருக்கோ மூக்கு இல்ல. கடைக்காரரு சொல்ற வரைக்கும் காத்திருந்தா பொழப்பு போச்சு. "நீ பாத்துச் சொல்லு புள்ள"ன்னு என்னையத்தேன் கேட்டாரு.

அப்பிடித்தேன் நான் விடிய மொத பஸ்ஸப் பிடிச்சு டவுனுக்குப் போக ஆரம்பிச்சேன். மார்க்கெட்டுக்கு முந்தின சந்துல நிப்பேன். அவரு வண்டிய ஓரங்கட்டுவாரு. நான் ஒரு மூட்டையில ஒரே ஒரு பூவ உருவி மோந்துட்டு, சாக்கடையில போட்டுருவேன். மோந்த பூவ மட்டும் எடுத்துட்டாக் குத்தமில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா ஒத்தப் பூவுல ஒண்ணும் நெதானமாத் தெரியல. வாடை இருந்தா மூட்டைக்குள்ளதேன் அடைஞ்சு கெடக்கும். அதனால முடிச்ச லேசா நெகுத்தி, மொகத்த உள்ள விட்டு ஒரு இழுப்பு இழுப்பேன். "ஆத்தா, ஒனக்கு டீசல் மாலை போடுறதுக்கு இது தேவலை, பொறுத்துக்க"ன்னு மனசுக்குள்ள அம்மன்கிட்டச் சொல்லிக்கிட்டுத்தேன் செஞ்சேன்.

வாடை கொறஞ்சுச்சு, ஆனா போகல. வண்டி ஓடுறப்பப் பின்னாடி சுத்துற காத்து அந்தப் புகையத் திருப்பி மூட்டைக்கே கொண்டாந்துச்சு. ஓஸ இந்தப் பக்கம் திருப்பினாக, அந்தப் பக்கம் திருப்பினாக. நானும் மோந்து மோந்து உதட்டப் பிதுக்கினேன். கடைசில மெக்கானிக்கு, அந்த ஓஸ சைலன்சரோட சேத்துக் கட்டி, அது வாயையும் தாண்டி விட்டாரு. சைலன்சர் புகை அடிக்கிற வேகத்துல இந்த ஆவியும் சேந்து தூரப் போயிரும்னாரு. ஓஸு சூட்டுல உருகாம இருக்க நடுவுல ஒரு இரும்புக் குழா.

மறுநா ஆடி வெள்ளி. கேரியர் கொள்ளாத பூவு. சந்துல வண்டி வந்து நின்னுச்சு. நான் பெரிய சம்பங்கி மூட்டைய நெகுத்தினேன். மொகத்த உள்ள விட்டேன். ஐயோ, என்னன்னு சொல்ல! டீசலும் இல்ல, புகையும் இல்ல. சம்பங்கி வாசம் மட்டும் நெஞ்சுக்குள்ள ஜில்லுன்னு எறங்குச்சு. எனக்கு வந்த சந்தோசத்துல அடுத்த மூட்டையையும் நெகுத்தி உள்ள மொகத்த விட்டேன். மல்லி. அதுவும் சுத்தம். ஜெயிச்சிட்டோம்னு சொல்றதுக்குத் தலையத் தூக்கினேன்.

சந்து முனையில அத்தாச்சி நிக்காக. எங்க ஊருலயே பூ அதிகமாப் போட்டிருக்கிற வீட்டம்மா. கண்ணாஸ்பத்திரிக்குன்னு அடுத்த பஸ்ல வந்தவுக. அந்தச் சம்பங்கி அவுக வீட்டு மூட்டை. என் மூக்கையும் மூட்டையையும் மாத்தி மாத்திப் பாத்தாக. "அத்தாச்சி, செத்த நில்லுங்க, நான் சொல்றதக் கேளுங்க"ன்னு ஓடினேன். நிக்கல. அவரு அன்னைக்கு மூட்டையெல்லாம் எறக்கினாரு, கடைக்காரரும் குத்தஞ் சொல்லல. எங்க பொழப்புல மண்ணு விழுந்தது கடையில இல்ல.

சாயங்காலம் துணிய எடுத்துக்கிட்டுப் போனா, சொசைட்டி வாசல்லயே பொம்பளைக கூடி நிக்கிறாக. நான் ஒளிக்கல. வண்டிப் புகை, அவரு மூக்கு, கடைக்காரரு சொன்னது, எல்லாத்தையும் சொன்னேன். அத்தாச்சி கேட்டாக: "ஏத்தா, இம்புட்டு நாளா எங்க பூவ மோந்துதேன் கோயிலுக்கு அனுப்பினியா?" எனக்கு ஆத்திரம் தாங்கல. "டீசல் நாத்தத்தோட போனப்ப எந்தச் சாமி திருப்பி அனுப்புச்சு? நான் மோந்தா மட்டும் தீட்டாயிருமா?"ன்னு கேட்டுட்டேன். அவுக கோவப்படல. அதுதேன் எனக்கு இன்னைக்கும் தாங்கல. "அது வண்டி செஞ்சது. இது நீ தெரிஞ்சே செஞ்சது"ன்னாக. துணியெல்லாத்தையும் அவுக கையில குடுத்துட்டு வந்துட்டேன். ஆனா நான் செஞ்சது தப்புன்னு ஒருநாளும் நெனச்சதில்ல.

மறுநா விடியக்காலைல மினிவேன் வந்து நின்னுச்சு. மூட்டையெல்லாம் அதுல ஏறுச்சு. யாரும் எங்களத் திட்டல, மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போகவுமில்ல. "வாரேண்ணே"ன்னு அவருகிட்டச் சொல்லிட்டுத்தேன் ஏத்தினாக. எதுத்த வீட்டு மதினி மட்டும் அவுக மூட்டையக் கொண்டாந்து எங்க கேரியர்ல வச்சாக. அந்த ஒத்த மூட்டையக் கட்டிக்கிட்டு அவரு கொஞ்ச நாளு போனாரு. டீசலுக்கே காணாது. அப்புறம் அவரே மதினிகிட்டப் போயி, "வேன்லயே போட்டு விடுங்கம்மா"ன்னு சொல்லிட்டு வந்தாரு.

அன்னைக்குச் சாயங்காலம் வண்டிய நிறுத்திட்டு, பக்கத்துலயே தரையில உக்காந்திருந்தாரு. நான் கும்பாவுல காப்பி கொண்டு போயி வச்சேன். என்னைய ஏசுவாருன்னு காத்திருந்தேன். ஏசினா நானும் ரெண்டு கேப்பேன், மனசு ஆறும். அவரு ஏசல. காப்பிய ஊதி ஊதிக் குடிச்சாரு. அதுல வாசம் வருதான்னு கேக்க எனக்கு வாய் வரல.

"அந்த வெள்ளிக்கிழமை" அப்பிடின்னு ஆரம்பிச்சாரு.

"என்னங்க?"

"மூட்டையத் தெறந்து மோந்தியே. டீசல் வாடை சுத்தமா இல்லையா?"

"துளி இல்லங்க. சம்பங்கி வாசம் மட்டுந்தேன்."

"மல்லி?"

"மல்லியும்தேன்."

"நல்லா மணந்துச்சா?"

"அம்புட்டு நல்லா மணந்துச்சு."

தலைய ஆட்டிக்கிட்டாரு. "எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லு"ன்னாரு. நான் சொல்லப் பாத்தேன். எனக்குச் சொல்லத் தெரியல.